கடற்கரைக்குத் தருமமாகப் பாட்டு

கடற்கரையில் பந்தலிட்டு, நாள் முழுதும் பாடவைத்து, திரளும் பணத்தை நற்காரியம் ஒன்றுக்கு வழங்கும் விழாக்களின் மீது எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. அவற்றில் கடற்கரை வெறும் காட்சித்திரை. காற்று வேண்டும், அலையோசை வேண்டும். அங்கே வலை உலர்த்துகிறவர் சற்று ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா இந்த ஒழுங்கைக் கொஞ்சம் கலைத்தது. டி.எம்.கிருஷ்ணாவும் சூழலியலாளர் நித்தியானந்த் ஜெயராமனும் நண்பர்களும் குப்பத்து மக்களுடன் சேர்ந்து முன்னெடுத்தது அது. கர்நாடக சங்கீதம், பறையாட்டம், வில்லுப்பாட்டு எல்லாம் ஒரே மேடையில். மேல்சாதிக் கலையை மீனவர்களுக்குப் பிச்சையிடுகிறார்கள் என்று அப்போது ஒரு விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விழாவின் பயன் எதிர்த்திசையில் நிகழ்ந்தது என்றே நினைக்கிறேன். பெசன்ட் நகரில் பல்லாண்டுகள் வாழ்ந்தும் அந்தக் குப்பத்தின் சந்துக்குள் காலெடுத்து வைக்காதவர்கள், ஒரு கச்சேரியின் பொருட்டு உள்ளே நடந்து போக நேர்ந்தது. யாருக்கு யார் தருமம் செய்தார்கள் என்பது அத்தனை தெளிவானதல்ல.

என் குறை வேறு. பெசன்ட் நகர் எளிய கடற்கரை. கடினமான கரை வடக்கே இருக்கிறது: எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு. அதற்கும் வடமேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகள். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. இறாலும் நண்டும் அருகின.

அந்தக் கரைக்கும் பாட்டு ஒருமுறை போயிற்று. 2017 ஜனவரியில் வெளியான சென்னைப் புறம்போக்குப் பாடலைச் சொல்கிறேன். கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுத, கிருஷ்ணா அதை ராகமாலிகையாகப் பாடினார். புறம்போக்கு என்பது வரி விதிப்புக்குப் புறத்தே விடப்பட்ட பொதுநிலம்: ஏரி, மேய்ச்சல் வெளி, சதுப்பு. யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லோருக்கும் சொந்தமானது. அச்சொல் எப்படி வசையாயிற்று என்பதே ஒரு சமூக வரலாறு. வசையை ஆனந்தபைரவியில் கேட்டபோது சபா ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது அந்த ராகத்துக்குக் கிடைத்த மரியாதையாகவே பட்டது. அதே மாதம் 28ஆம் தேதி, காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. மீனவர்களே படகில் போய்க் கையாலும் வாளியாலும் அள்ளினார்கள். மாத இறுதியில், நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தருகே அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். தெற்கே அது மார்கழி இசைவிழாக் காலம். சபாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. ஆனால் ஒரே நகரத்தின் இரு டிசம்பர்கள் அவை.

இனி யாரேனும் அத்தகைய விழா எடுப்பதானால் பழவேற்காட்டிலோ காட்டுப்பள்ளியிலோ எடுக்கட்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்தை அந்தக் கரை பல ஆண்டுகளாக எதிர்த்து வந்திருக்கிறது. வெறும் காட்சித்திரையாக நிற்க அதற்கு நேரமில்லை. சிப்காட்டுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, கைப்பேசியில் தம் ஊர்ப் பாட்டைக் கேட்டபடி உறங்கும் தொழிலாளர்களுக்கும் மேடையில் இடம் இருக்கட்டும். உண்டியல் வேண்டாம். பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிப்பது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் பெயர் பாடு. மேடையில் யார் முதலில், யார் பிறகு என்பதையும் அந்த மீனவர்களே பாடு வைத்து முடிவு செய்யட்டும். வித்வான்கள் தங்கள் முறை வரும்வரை மணலில் உட்கார்ந்திருக்கலாம்.