இறுகுதலும் மரத்தலும் ஒன்றல்ல

முதுகலை வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்திருந்தோம். ‘ஹார்டன்’, ‘ஸ்டிஃபன்’, ‘செட்’, ‘கன்ஜீல்’ என நான்கு வினைகள் அதில் வந்தன. திரும்பி வந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் நான்குக்கும் ஒரே விடை: ‘கடினமாகிறது’. சிமெண்டும் கடினமாகிறது, நெய்யும் கடினமாகிறது, குளிரில் விரலும் கடினமாகிறது, தாயின் மனமும் கடினமாகிறது. மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாளேடுகளும் பாடநூல்களும் ஆசிரியர்களாகிய நாமும் சேர்ந்து பழக்கிய பழக்கம் இது.

ஆங்கிலத்தில் ‘ஹார்ட்’ என்னும் பண்புச்சொல்லோடு ஓர் ஈறு சேர, ‘ஹார்டன்’ என்னும் வினை கிடைத்துவிடுகிறது. அந்த அச்சிலேயே தமிழை வார்க்க முயலும்போது ‘கடினம்’ என்பதோடு ‘ஆகு’ ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இன்றைய வழக்கில் ‘கடினமான தேர்வு’ என்றால் எழுதுவதற்கு அரிய தேர்வு என்றுதான் பொருள். ஆக, பொருளும் குழம்புகிறது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் நேர்கிறது.

தமிழில் இதற்கென்றே பிறந்த வினைகள் உள்ளன. அவை விளைவை மட்டுமன்றி, அது வந்த வழியையும் சொல்வன. வெயிலில் மண் காய்கிறது. செடியில் விட்ட வெண்டை முற்றுகிறது. குளிரில் நெய் உறைகிறது, விரல் விறைக்கிறது. மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போகிறது. வயதேறிய தேக்கு வைரம் பாய்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்குக் கடைசிச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் தரைக்கற்கள் செய்யும் கொட்டகைக்குச் சென்று பாருங்கள். கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டுக் கையாலேயே கல்லைச் செய்கிறார்கள். பிறகு அதைத் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள். சிமெண்டு நீரை இழந்து வலுப்பெறுவதில்லை. நீரோடு வினைபுரிந்தே வலுப்பெறுகிறது. நம் மாணவர் ஒருவர் ‘சிமெண்டு உலர்ந்து கடினமாகிறது’ என்று எழுதியிருந்தார். இலக்கணப்படி பிழையில்லாத வாக்கியம்; ஆனால் உண்மைக்குப் புறம்பானது. ‘இறுகுகிறது’ என்று எழுதியிருந்தால் அப்பிழை நேர்ந்திராது. பழைய வீட்டுச் சுவர்களின் சுண்ணாம்புக்கும் இதே சொல்தான் பொருந்தும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, மீண்டும் சுண்ணாம்புக் கல்லின் தன்மைக்கே திரும்புகிறது.

சிமெண்டைப் பற்றிய பிழையையாவது பொறியாளர் திருத்திவிடுவார். மனத்தைப் பற்றிய பிழையைத் திருத்துவார் யார்? மனம் இறுகுவது வேறு, மரத்துப்போவது வேறு. இறுகிய மனத்துக்கு வலி உண்டு; அது பிடிவாதமாய்த் தன்னை அடக்கிக்கொண்டிருக்கிறது, ஒருநாள் இளகவும் கூடும். மரத்த மனத்துக்கு வலியே தெரிவதில்லை. ஒரு சிறுகதையில் மகனோடு பேசாதிருக்கும் தாய்க்கு இவற்றுள் எந்தச் சொல்லை இடுகிறோம் என்பதில் அவளுடைய எதிர்காலமே அடங்கியிருக்கிறது. ‘அவள் மனம் கடினமாகியது’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் அவளை என்னவென்று புரிந்துகொண்டார் என்பதை வாசகர் அறிய வழியே இல்லை.

தமிழ் எல்லா இடத்திலும் நுட்பமானது என்று நாம் பெருமை பேசவில்லை. பால் தயிராவதற்கும் நெய் கட்டியாவதற்கும் ‘உறைதல்’ என்னும் ஒரே சொல்தான். இயற்பியல் பாடத்துக்குத் ‘திண்மமாதல்’ போன்ற பொதுச்சொல் தேவை என்பதையும் மறுப்பதற்கில்லை. கொத்தனார் ‘செட் ஆகிவிட்டது’ என்கிறாரே என்று சிலர் கேட்கலாம். சொல் ஆங்கிலமே, ஆயினும் உலர்வது வேறு, இறுகுவது வேறு என்னும் தெளிவு அவரிடம் இருக்கிறது. ‘கடினமாகிறது’ என்று எழுதும் நம்மிடம் அந்தத் தெளிவுதான் இல்லை.

அகராதியைத் திறக்கும் முன், பொருள் எப்படி மாறுகிறது என்று மாணவர் ஒருமுறை கண்ணால் காண வேண்டும். அடுத்த பருவத்தில் இந்தப் பயிற்சியைத் தருமுன் வகுப்பை ஆத்தங்குடிக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். நாமும் குறிப்பேட்டோடு போகிறோம். நமக்கும் தெரியாத வினைகள் அந்தக் கொட்டகையில் இருக்கக்கூடும்.