சாலைக்கு மேற்கே தேங்கும் தண்ணி

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மேற்கே மலை. மழைத் தண்ணி கிழக்கே கண்மாய்களைத் தேடித்தான் ஓடும். திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையோ மலையடிவாரத்தை ஒட்டி, அந்தத் தண்ணிக்குக் குறுக்கே போகிறது. சாலையை உயர்த்த மண் கொட்டினால் அதுவும் ஒரு கரைதான். சிறுபாலங்கள்தான் அதற்கு மடை.

பழைய தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் வழிந்து போகும். கொஞ்ச நேரம் பஸ் நிற்கும், அவ்வளவுதான். மேடாக்கிக் குழாய் பதித்த இடத்தில் பஸ் நிற்பதில்லை, தண்ணி நிற்கிறது. குழாயில் முள்ளும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டால் மேற்குப் பக்கத்து வயலும் வீடும் கண்மாயாகிவிடும்.

ஊருக்குள் வேறு கதை. தார்மேல் தார் போட்டே ரோடு வாசற்படியைத் தாண்டிவிடுகிறது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போடணும் என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சுரண்டினார்களா?

இப்போது திருமங்கலம் – ராஜபாளையம் நான்குவழிச் சாலையும் அதே சரிவுக்குக் குறுக்கேதான் வருகிறது. ஓடையின் இன்றைய அகலத்தைப் பார்த்துப் பாலம் கட்டக் கூடாது. பல ஓடைகள் ஏற்கெனவே சுருங்கிப்போனவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணி எதுவரை ஏறும் என்று பக்கத்து வயல்காரரைக் கேட்டு, அந்த அளவுக்கு வழி விடணும்.