கொதிக்கிற வோர்ட்டை உறிஞ்சுவாராம்

"பம்ப் என்றால் பம்ப்தான், தண்ணீரை இறைப்பது வோர்ட்டை இறைக்காதா?" என்று கேட்டுவிட்டு, பதிலும் தானே சொல்லிக்கொள்கிறார், வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றிக் கட்டுரை எழுதிய அன்பர். இறைக்கும், வோர்ட், அதாவது பீராகப் புளிக்கவிருக்கும் சாறு, ஆறிய பிறகு. ஆனால் அவர் பேச வந்தது அப்போதுதான் அடுப்பை அணைத்த கெட்டிலில் கிடக்கும் 19 லிட்டர் மால்ட் சாற்றைப் பற்றி.

அட்டைப்பெட்டியில் 'உறிஞ்சும் உயரம் 2 மீட்டர்' என்று போட்ட டயஃப்ரம் பம்பை வாங்கு, மேசைமேல் வை, குழாயைக் கெட்டிலின் வாய் வழியாக உள்ளே விடு. இதுதான் அவர் வாதத்தின் அச்சாணி. அந்த 2 மீட்டர் பச்சைத்தண்ணீருக்கு அளந்தது. எந்த பம்பும் திரவத்தைப் பிடித்து இழுப்பதில்லை. தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிக்காற்றுதான் திரவத்தை உள்ளே தள்ளுகிறது. 20 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தம் சுமார் 2 கிலோபாஸ்கல், 90 டிகிரியில் 70, கொதிக்கும்போது காற்றின் அழுத்தமான அதே 101. அப்புறம் தள்ளுவதற்கு மிச்சம் என்ன? லேசாக உறிஞ்சினாலே குழாய்க்குள் கொதித்து ஆவியாகிவிடும். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கீழே இறக்கிவைத்த நம் ஊர் விவசாயிக்கு இதில் பாதி சங்கதி கணக்குப் போடாமலே தெரியும்.

ஆகவே குதிரைத்திறன் பேச்செல்லாம் பிறகு. பம்ப் கெட்டிலுக்குக் கீழே இருக்க வேண்டும். கெட்டிலின் அடியில் பால் வால்வ், அதிலிருந்து குட்டையான, அகலமான குழாய், வோர்ட் தன் எடையிலேயே வந்து பம்பை நிரப்ப வேண்டும். பிறகுதான் சுவிட்ச்.

"தானாக உறிஞ்சத் தெரியாத காந்தப் பம்புக்கா இவ்வளவு விலை?" என்று பொருமுகிறார். அந்த விலையில் பாதி, உள்ளே தண்டு நுழையும் ஓட்டையே இல்லாததற்கு. மோட்டார் வெளியே காந்தத்தைச் சுழற்ற, சுவருக்கு அப்பால் இம்பெல்லர் சுழல்கிறது. ஓட்டையில்லாத இடத்தில் ஒழுகும் சீலும் இல்லை. ஹாப்ஸ் போய் அடைத்தால் காந்தப்பிடி விட்டுவிடும், மோட்டார் பிழைக்கும். இதை அவர் 'வழுக்கும் குறைபாடு' என்கிறார். ஃபியூஸ் எரிவதும் குறைபாடு என்பார் போல. பாலிசல்ஃபோன் பிளாஸ்டிக் தலை வைத்த 'மார்ச்' நிறுவனப் பம்புகள் 121 டிகிரி வரை தாங்கும் என்பதும் அவர் கண்ணில் படவில்லை.

எல்லாவற்றையும்விட அபாயமான அறிவுரை, ஓட்டத்தைக் குறைக்க உள்வரும் வால்வை மூடச் சொன்னது. வெளிவாயை மூடினால் மோட்டார் கருகிவிடுமாம்! இம்பெல்லர் பம்பில் வெளிவாயை ஒடுக்கினால் மோட்டாரின் சுமை குறையும். உள்வாயை ஒடுக்கினால்தான் பட்டினி போட்ட பம்புக்குள் குமிழ்கள் பிறந்து உடையும். அவர் 'மோட்டாரின் வலு' என்று ரசிக்கும் கடகடப்பு, டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குவது போன்ற அந்தச் சத்தம், இதுதான்.

குழாய் விஷயத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம். நானும் ஒரு காலத்தில் கடையில் கிடைத்த கண்ணாடி போன்ற வினைல் குழாயைத்தான் மாட்டினேன். பத்தே நிமிடத்தில் வேகவைத்த சேமியாவாகத் துவண்டு, முனையிலிருந்து நழுவி, வலது பாதத்தில் ஊற்றியது. சர்க்கரைச் சாறு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அன்று முதல் சிலிகான் குழாயும் கிளாம்பும்தான்.

வீட்டில் பீர் காய்ச்ச வழிவிட்ட சட்டத்தில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்ட காலத்து ஆட்களை வேறு சாட்சிக்கு அழைக்கிறார், 'அவர்கள் காந்தப் பம்பா வைத்திருந்தார்கள்?' என்று. பலரிடம் பம்பே இல்லை ஐயா. பாத்திரங்களை அடுக்கடுக்காக உயரத்தில் வைத்து, மேலிருந்து கீழே ஓடவிட்டார்கள்.

கடைசிப் பத்தியில் சிக்கனம் பேசுகிறார். பதினெட்டு மாதத்தில் மூன்று டயஃப்ரம் பம்ப் வாங்கியிருப்பதும் அதே பத்தியில்தான் வருகிறது. மூன்றாவதும் போனதற்குக் காரணம், கம்பெனிக்காரன் தரத்தைக் குறைத்துவிட்டானாம்.