திரும்ப அழைக்கப்பட்ட வண்டி

கல்லாற்றில் வாழும் நம் சங்க அன்பர் ஒருவர், வளைகுடா நாட்டில் பல்லாண்டு பாடுபட்டு ஈட்டிய பொருளைக் கொண்டு விலையுயர்ந்த மின்சாரக் கார் ஒன்றை வாங்கினார். இரண்டாம் ஆண்டிலேயே அதனைச் செய்த கம்பெனியிடமிருந்து அறிவிப்பு வந்தது. பேட்டரியில் குறை இருக்கக்கூடும். அடுத்த செய்தி வரும்வரை நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் சார்ஜ் ஏற்றவேண்டாம். வீட்டை ஒட்டி வண்டியை நிறுத்தவேண்டாம். அன்பர் நமக்கு எழுதிக் கேட்கிறார்: “முழு விலை கொடுத்தவன் முக்கால் வண்டியை ஓட்டுவது எந்த ஊர் நியாயம்? சர்வீஸ் நிலையமோ கொச்சியில் இருக்கிறது. புதிய பேட்டரி எப்போது வரும் என்று கேட்டால் விடையில்லை.”

கேள்வி நியாயமானதே. இவர் தனியாளும் அல்லர்.

முதலில் குறை யாது என்பதைப் பார்ப்போம். லித்தியம் பேட்டரி என்பது நூற்றுக்கணக்கான சிறு மின்கலங்களின் கூட்டம். ஒவ்வொரு கலத்திலும் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் ஒன்றையொன்று தொடாதவாறு நடுவே மெல்லிய திரை உண்டு. தொழிற்சாலையில் தகட்டின் ஓரம் மடிந்துபோனாலும், திரை சுருங்கி விலகினாலும், பின்னொரு நாள் உள்ளுக்குள்ளேயே மின்சாரம் குறுக்கே பாய்ந்து கலம் கொதிக்கும். ஒன்று கொதித்தால் அடுத்ததும் பற்றிக்கொள்ளும். ஓடும் வண்டி மட்டுமன்று, நள்ளிரவில் நிற்கும் வண்டியும் தீப்பிடிப்பது இதனாலேதான். சார்ஜ் குறைவாயிருந்தால் அபாயமும் குறைவு. எண்பது பங்கு என்னும் கட்டுப்பாட்டின் காரணம் அதுவே. எனினும் அது நோய்க்கு மருந்தன்று, பத்தியம்.

நம் தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஹூண்டாய் தொழிற்சாலையில் கோனா என்னும் மின்சாரக் காரை இணைத்து 2019-இல் விற்பனைக்கு விட்டார்கள். 2020 டிசம்பரில் அவற்றுள் 456 வண்டிகளைப் பரிசோதனைக்காகத் திரும்ப அழைத்தார்கள். தென் கொரியாவில் முதலில் பேட்டரியை மேற்பார்க்கும் மென்பொருளை மட்டும் மாற்றிக்கொடுத்து அனுப்பினர். 2021 ஜனவரியில் தேகு நகரில், அவ்வாறு மாற்றம் செய்யப்பட்ட வண்டி ஒன்றே தீப்பிடித்தது. அடுத்த மாதமே, உலகெங்கும் ஏறத்தாழ 82,000 வண்டிகளுக்குப் பேட்டரியையே மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. செலவு ஒரு டிரில்லியன் வோன் அளவு. மென்பொருளை மாற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று சொல்லி வண்டியை ஒப்படைப்பவர்களிடம் உரிமையாளர்கள் ஏன் மீண்டும் மீண்டும் கேள்வி கேட்கிறார்கள் என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2021-இல் போல்ட் என்னும் வண்டிகள் அனைத்தையும், ஏறத்தாழ 1,40,000-ஐத் திரும்ப அழைத்தது. பிற வண்டிகளிலிருந்து ஐம்பது அடி தள்ளி நிறுத்துக என்று உரிமையாளர்களுக்கு அறிவுரை கூறியதும் அப்போதுதான்! ஜாகுவார் ஐ-பேஸ் இன்னும் உயர்ந்த விலையுடையது. 2019-ஆம் ஆண்டு மாதிரியில் 2,760 வண்டிகளுக்கு எண்பது பங்குக் கட்டுப்பாடு விதித்த பின்னர், 2024-இல் அமெரிக்காவில் அவற்றைத் திரும்ப விலைக்கு வாங்கிக்கொள்ள அக்கம்பெனி முன்வந்தது. பணத்தைத் திருப்பித் தருவது நடவாத காரியமன்று என்பதை அன்பர் குறித்துக்கொள்க.

பெரிய பேட்டரி நலமாயிருந்தும் வண்டி அசையாமல் நிற்பதும் உண்டு. மின்சாரக் காரிலும் விளக்கு, கதவுப் பூட்டு, கணிப்பொறி முதலியவற்றுக்காக 12 வோல்ட் சிறு பேட்டரி ஒன்று இருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதற்கு மின்சாரம் ஊட்டும் கருவி பழுதுபட்டால் வழியிலேயே நிற்கவேண்டியதுதான். இக்காரணத்தால் 2024-இல் இந்தியாவில் ஐயோனிக் 5 வண்டிகள் 1,744-உம், கியா ஈவி6 வண்டிகள் 1,138-உம் திரும்ப அழைக்கப்பட்டன.

கல்லாற்றுவாசிக்கு இவையெல்லாம் சமவெளியில் இருப்பவரைவிடப் பெருந்தொல்லை. அங்கிருந்து பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு டன் வண்டியை ஆயிரம் மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் சுமார் ஐந்தரை யூனிட் மின்சாரம் செலவாகும். இறங்கும்போது ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் தடைப்படும் இரவில், குறைந்துபோன அந்த இருபது பங்கின் அருமை தெரியும்.

இனி, செய்யத்தக்கது யாது? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவின்படி, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு மத்திய அரசே ஆணையிடலாம். ஆணையிட்டால் விலையைத் திருப்பித் தருதல், வேறு வண்டி கொடுத்தல் ஆகிய வழிகளையும் அச்சட்டம் சொல்கிறது. ஆனால் உரிமையாளர்களின் முறையீடுகள் பதிவானால்தான் அவை கணக்கில் ஏறும். நம்மவர்களோ கம்பெனிக்காரரிடம் தொலைபேசியில் சண்டையிட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். காகிதத்தில் ஒன்றும் இராது.

ஆகவே, ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் குறையை எழுதி வாங்கிய ஜாப் கார்டை வைத்திருங்கள். அறிவிப்புக் கடிதத்தையும், எண்பது பங்குக் கட்டுப்பாடு எந்நாள்வரை என்று கேட்டு நீங்கள் அனுப்பிய மடலையும் சேர்த்துவையுங்கள். பேட்டரிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. மாற்றிய பேட்டரிக்கு அது எந்நாளிலிருந்து கணக்கு என்பதை எழுத்திலே கேளுங்கள். வண்டி நின்ற நாட்களில் வாடகைக் காருக்குக் கொடுத்த ரசீதுகளும் பயன்படும்.

அதற்கும் மசியாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையாயின் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரையாயின் மாநில ஆணையம். வழக்கு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். ஆகையால் “அடுத்த மாதம் வரும்” என்னும் வாக்கை நம்பிக் காலத்தைக் கழிக்கலாகாது. கம்பெனியின் தலைமை நிலையம் எவ்வூரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 1915 என்னும் எண்ணில் முன்னதாக யோசனையும் கேட்கலாம். இரண்டு ஆணையங்களும் திருவனந்தபுரத்திலேயே இருக்கின்றன. அன்பர் இதுவரை வண்டியை ஓட்டிச்சென்ற கொச்சி வழியில் அது கால் பங்குத் தூரந்தான்.