கால்சியம் இருக்கிறது, இரவில் இருக்கிறதா?

60 வாரம் தாண்டிய முட்டைக்கோழி பேட்ச்சில் முட்டை உடைசல் கூடினால், நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் கை முதலில் நீள்வது மருந்துப் பட்டியலை நோக்கித்தான். வைட்டமின் டி3, கரிமத் தாதுக்கள், அமிலக் கலவை என்று தீவனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். இவை வீண் என்று சொல்லவில்லை. ஆனால் காசு செலவழிக்கும் முன், தீவனத்தில் விழும் சுண்ணாம்புக்கல்லின் துகளளவைப் பார்த்தாக வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருக்கும். 4 சதவீதக் கால்சியம் உள்ள தீவனத்தை நாளுக்கு 110 கிராம் தின்னும் கோழிக்கு 4.4 கிராம் போய்ச் சேருகிறது. ஏறக்குறைய பாதிதான் உடலில் ஏறும் என்றாலும் கணக்கு இடிக்கவில்லை. இடிப்பது நேரம். ஓடு படிய 18 முதல் 20 மணி நேரம் ஆகிறது. அதன் கனமான பகுதி படிவது விளக்கணைத்த பிறகு, கோழி எதுவும் தின்னாத வேளையில். மாவாக அரைத்த கல் அதற்குள் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மி.மீ. பருமனுள்ள கல், அதாவது கிரிட், அரைவைப்பையில் தங்கி, இரவு நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வரத்து நின்றால் கோழி தன் எலும்பைக் கரைக்கிறது, கூடவே பாஸ்பரஸும் எச்சத்தில் போகிறது. இளங்கோழி இதைத் தாங்கும். வயதான கோழியின் முட்டை பெரிது, ஓட்டுச் சரக்கோ பழைய அளவுதான்.

ஆய்வக அறிக்கையில் கால்சியம் சரியாகத்தானே இருக்கிறது என்பார்கள். ஆய்வகம் மாதிரியை அரைத்துப் பொடியாக்கிய பிறகே சோதிக்கிறது. எவ்வளவு என்று சொல்லும், எந்த உருவில் என்று சொல்லாது. உருவை அறிய 2 மி.மீ. சல்லடை போதும். மேஷ் தீவனத்தில் கிரிட் அடியில் தங்கிவிடும், கோழி பொறுக்கித் தின்னும் என்பது கிரிட்டுக்கு எதிரான வலுவான ஆட்சேபம். முன் கூண்டுக்குக் கல்லும் கடைசிக் கூண்டுக்குத் தவிடும் கிடைப்பது உண்மைதான். ஆனால் பொறுக்குவதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஓடு கட்டவிருக்கும் கோழிக்குப் பிற்பகலில் கால்சியத் தேட்டம் ஏறும். கிரிட்டின் ஒரு பங்கை மாலை 3 மணிக்கு மேல் தொட்டியில் கையால் தூவினால் ஆட்சேபத்தில் பாதி தீர்ந்துவிடும். ஆள்கூலி கூடும்தான், அதை உடைசல் முட்டையின் விலைக்குறைவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

டி3 இல்லாமல் கால்சியம் குடலிலிருந்து சரியாக ஏறாது, பைட்டேஸ் நொதி தவிட்டில் கட்டுண்ட பாஸ்பரஸை விடுவிக்கும், இரண்டும் மெய். ஆனால் இரவில் குடல் காலியாக இருந்தால் டி3 எதை ஏற்றும்? சித்திரை வெயிலில் மூச்சிரைக்கும் கோழியின் கதை வேறு. அங்கே கரியமில வாயு வெளியேறி ரத்தத்தில் பைகார்பனேட் குறைகிறது, தீவனமும் குறைகிறது. கிரிட் மட்டும் உதவாது, சோடா உப்பு வேண்டும். மக்னீசியம் மிகுந்த கல்லும் கிரிட் உருவில் வந்ததாலேயே நல்லதாகிவிடாது. ஓட்டைக் கெடுக்கும், எச்சத்தையும் இளக்கும். மொத்தக் கால்சியத்தை ஏற்றிக்கொண்டே போவதும் வழியல்ல, தீவனம் உண்பது குறையும். அளவை அப்படியே வைத்து, வயதான பேட்ச்சில் கல்லின் மூன்றில் இரண்டு பங்கைக் கிரிட்டாக மாற்றி, சில வாரம் உடைசலை எண்ணிப் பார்த்த பிறகு மருந்துப் பட்டியலைத் திறக்கலாம்.