வரலாற்றுப் பேச்சு பெரம்பூருக்கும் வரட்டும்

ஆகஸ்டு பிறந்தால் சென்னையில் பழங்கதைகளுக்கு சீசன். 1639 ஆகஸ்டு 22-ஐப் பட்டணம் பிறந்த நாளாகக் கொண்டு, வரலாற்றாளர் எஸ்.முத்தையாவும் நண்பர்களும் 2004-இல் தொடங்கிய கொண்டாட்டம் இன்று நடைப்பயணம், கண்காட்சி, மாலைச் சொற்பொழிவு என்று பல நாள் நீள்கிறது. மயிலாப்பூரும் திருவொற்றியூரும் அந்தத் தேதிக்குப் பல நூற்றாண்டு மூத்தவை, அப்புறம் என்ன பிறந்த நாள் என்று வருடந்தோறும் யாராவது சண்டைக்கு வருவதும் சீசனில் சேர்த்திதான். வரட்டும். சொந்த ஊரைப் பற்றி ஊர்க்காரர்கள் அடித்துக்கொள்வது ஆரோக்கியமானது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பெயர் பெற்ற பேச்சுகளில் பல, நட்சத்திர ஓட்டல்களின் குளிரூட்டிய அறைகளிலும் தென்சென்னை அரங்குகளிலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழில் நடப்பவையும் உண்டு, போதாது. வடசென்னையின் கதையைக் கேட்க வடசென்னைக்காரர் பஸ் மாறித் தெற்கே வர வேண்டியிருப்பது சரியில்லை.

மாலைப் பேச்சு ஒன்றும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1907 மே மாதம் வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலை பாரதியும் நண்பர்களும் வரவழைத்தபோது, திருவல்லிக்கேணிக் கடற்கரை மணல்தான் அரங்கு. பெரம்பூர் கதை இதைவிட ருசியானது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு பக்தி சபையை நடத்தினார்கள். வேலை விட்டு வந்த தொழிலாளர்கள் அங்கே உட்கார்ந்து சமயச் சொற்பொழிவு கேட்டார்கள். பேச வந்தவர்களில் திரு.வி.க.வும் ஒருவர். பக்தியில் தொடங்கிய கூட்டம், மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை, மேலாள் கை நீட்டுகிறான் என்ற முறையீடுகளில் வந்து நின்றது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது அதைத்தான்.

இந்தக் கதையைப் பெரம்பூரிலேயே சொன்னால் என்ன ஆகும்? ஆலை மூடியது 1996-இல். கடைசித் தலைமுறைத் தொழிலாளர்கள் இன்றும் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். பேச்சாளர் திரையில் காட்டும் படத்தைப் பார்த்து, "அது மெயின் கேட் இல்லீங்க, பின்பக்கம்" என்று ஒரு பெரியவர் எழுந்து சொல்லக்கூடும். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிப் போனவர் ஷிப்ட் சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று சொல்வார். ஓட்டல் அறையில் இந்தத் திருத்தம் கிடைக்காது.

வில்லங்கமான கேள்வியும் வரும். 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆலைத் தொழிலாளர்களே சாதிவாரியாகப் பிளந்தார்கள்; புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல் வெடித்தது, வீடுகள் எரிந்தன. தொழிற்சங்கப் பெருமையை விரித்துச் சொல்லும் பேச்சுகள் இந்த இடத்தில் அவசரமாக நகர்ந்துவிடுகின்றன. இரு தரப்பின் பேரப்பிள்ளைகளும் எதிரே உட்கார்ந்திருந்தால் அப்படி நகர முடியாது.

தமிழில் பேச வேண்டும் என்று கேட்கிறவர்கள் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: நம் மேடைக்கு அலங்காரத்தின் மேல் கொஞ்சம் அதிக ஆசை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு போட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள் பற்றி எரிந்தன, இது வரலாறு. அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பது மேடைக்கதை. அவர் அப்போது ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்கான குழு வேலைகளில் இருந்தார். எம்டனில் வந்ததற்கு ஆவணம் எதுவும் காட்டப்பட்டதில்லை. ஆனாலும் கைதட்டலுக்காக அவரை இன்னும் கப்பலில் ஏற்றிக்கொண்டே இருக்கிறோம். அவர் உண்மையில் செய்தது கைதட்டலுக்குக் குறைந்ததா என்ன? எந்தக் கல்வெட்டு, எந்தக் கோப்பு, எந்தப் பத்திரிகை என்று சொல்ல முடியாத செய்தியைப் பேச்சாளர் "சொல்கிறார்கள்" என்ற அடையாளத்தோடு சொன்னால் போதும், பாதிப் பிரச்சினை தீரும்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் நடக்கும் கிளை நூலகங்கள் பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன. மாதம் ஒரு மாலை, வாசிப்பு மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஐம்பது நாற்காலி போட முடியாதா? ஒரு புரொஜெக்டர், ஒரு மைக், சூடாக டீ. பேச்சுக்கு நாற்பது நிமிடம், கேள்விக்கும் அதே நாற்பது. சொன்னவர் பெயரோடும் தேதியோடும் ஒலிப்பதிவு செய்து அந்த நூலகத்திலேயே வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் பெரியவர் சொன்ன திருத்தம் அன்று இரவே காற்றோடு போய்விடும்.

எல்லாவற்றையும் ஆகஸ்டிலேயே குவிக்கவும் தேவையில்லை. அந்த மாதத்தில் சாயங்கால மழை வேறு ஆளை வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். பெரம்பூருக்கு ஏப்ரல் 27 இருக்கிறது. ராயபுரத்துக்கு ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856-இல் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய நாள். எம்டன் கதையைச் செப்டம்பர் 22 அன்று, உயர் நீதிமன்றச் சுவரில் அந்தக் குண்டுவீச்சைக் குறித்துப் பதித்த கல்வெட்டுக்கு எட்டும் தூரத்தில், பிராட்வே பக்கத்து நூலகம் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம். செண்பகராமனைக் கரையில் இறக்கிவிட்டே தொடங்கலாம்.