பலெர்மோவின் பொய் நூலும் நம் திருவிழா மலரும்



திருவிழா மலரில் சேர்க்குமாறு நம்மவர் ஒருவர் சென்ற வாரம் சில பக்கங்களைத் தந்தார். தம் ஊரின் தோற்றத்தைக் கூறும் பழைய ஏடொன்றின் படி என்றார். ஏடு எங்கே என வினவினேன்; வட்ஸ்அப்பில் வந்ததாம். நான் மறுத்ததில் அவருக்கு மனத்தாங்கல். என் காரணம் இந்நகரின் வரலாற்றிலேயே உள்ளது.

1782 டிசம்பரில் புயலில் அகப்பட்ட மொரோக்கோ தூதர் பலெர்மோவில் கரையேறினார். மால்ட்டாவைச் சேர்ந்த ஜுசெப்பே வெல்லா என்னும் குருவானவர் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனார். (மால்ட்டா மொழி அரபுக்கு உறவு; அந்த உறவே அவருடைய முதல்.) மலைமேலுள்ள சான் மார்த்தினோ மடத்தில் ஓர் அரபுச் சுவடி இருந்தது. அது நபிகள் நாயகத்தின் வாழ்க்கை வரலாறு. தூதர் புறப்பட்டுச் சென்றபின், அது அரபியர் ஆண்ட சிசிலியின் வரலாறு என்று வெல்லா அறிவித்தார். அயிரோல்டி ஆண்டகை நம்பினார், ஆதரித்தார். 1789 முதல் நூல் அச்சேறியது. வெல்லா அரபுப் பேராசிரியராகவும் ஆனார்! அடுத்து அவர் புனைந்த ‘எகிப்தின் ஆலோசனைச் சபை நூல்’ பிரபுக்களுக்கு எதிராக அரசரின் உரிமைகளை நிலைநாட்டிற்று. அரசுக்கு அது இனித்தது.

பேராலயக் குருவான ரொசாரியோ கிரெகோரியோ ஐயுற்றார். அதற்காகவே அரபு கற்றார். வியன்னாவிலிருந்து வந்த அறிஞர் ஹாகர் சுவடியைப் பார்த்துப் புரட்டை வெளிப்படுத்தினார். 1796இல் வெல்லாவுக்குப் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பொய்யுரைத்தவரும் குரு, ஐயுற்றவரும் குரு என்பது என்னை உறுத்துகிறது. அதைவிட உறுத்துவது, அப்பொய்க்காக எத்தனை பேர் காத்திருந்தனர் என்பது. தொலைந்த இரு நூற்றாண்டுகளை மீட்கச் சிசிலி ஏங்கியது. 1981இல் நூலகத்தை நெருப்பில் இழந்த நமக்கும் அவ்வேக்கம் உண்டு. ஆதலால் நாமும் எளிதில் ஏமாறுவோம்.

நமக்கும் ஒரு கிரெகோரியோ வாய்த்தார். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை போலி நூலன்று. எனினும் செவிவழிக் கதையும் வரலாறும் அதில் கலந்துள்ளன. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ எழுதி அவற்றைப் பிரித்தறிய முயன்றார். அவருடைய முடிவுகளை மறுப்போர் உளர்; மறுக்கட்டும். சான்றை எடுத்து வைத்துப் பேசினார் என்பதால் அல்லவா மறுக்கவும் முடிகிறது.

எனவே, வீட்டில் காணி உறுதி, திருமுழுக்குப் பதிவு, பழைய கடிதம் இருந்தால் கொண்டுவாருங்கள். அப்பம்மா சொன்ன கதையையும் எழுதித் தாருங்கள். அப்பம்மா சொன்ன கதை என்றே, அவர் பெயரோடும் ஊரோடும் அச்சிடுவோம். மனம் வருந்திய சகோதரருக்கும் இரண்டு பக்கங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.